தண்ணீர்ச் சபதம்

வால்வைத் திருகுவதற்கு முன் உத்தமன் அண்ணாந்து மூன்றாம் மாடி பால்கனியை ஒருமுறை பார்ப்பார். அங்கே ஒரு துளசித் தொட்டியும், காயப்போட்ட மஞ்சள் துண்டும்தான் தெரியும். துண்டு அவளுடையதாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. அப்புறம் முதல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால் லாரி அப்படியே திரும்பிப் போகும். "குடிக்கிறவங்க வாயி இன்னா பாவம் பண்ணுச்சு?" என்பார்.

வைட்ஃபீல்டில் தண்ணீர் லாரி ஓட்டும் அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாரியின் பக்கக் கண்ணாடியில் தலை வாராமல் இந்த அடுக்குமாடிக்குள் மட்டும் நுழையமாட்டார். வாட்ச்மேன் சண்முகத்துக்குக் கேலி செய்ய அது போதும்.

"இன்னா உத்தமா, இன்னிக்கு பவுடர் போடலியா?"

"போடா டேய். கேட்டத் தொற."

மூன்றாம் மாடியில் இருப்பவள் உஷா. முப்பது வருடத்துக்கு முன், ஸ்ரீராம்புரத்துத் தெருக்குழாயில் இவர் குடத்துக்கு அடுத்த குடம் அவளுடையது. அது நிரம்பியதும் தோளில் கிடக்கும் துண்டால் அடிப்பக்கத்தைத் துடைத்துத் தருவார். இடுப்பில் வைத்தால் அவள் தாவணி நனையக்கூடாதே! ஒருநாள் அவள் அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். இவர் குடத்தை எட்டி உதைத்தான். "லாரி கழுவுறவனுக்கு எங்க ஊட்டுப் பொண்ணு கேக்குதா?" அடுத்த மாதமே உஷாவுக்கு வேறு இடத்தில் தாலி ஏறியது. அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

உருண்டுபோன குடத்தை எடுக்காமலே உத்தமன் சபதம் போட்டார்: "ஒரு நாளு தண்ணிக்கு என் முன்னாடி வந்து நிப்பா." கிளீனராகி, டிரைவராகி, சொந்த லாரி வாங்கி, அவள் குடியிருக்கும் இடத்தைத் தேடிப்பிடித்து... வாலிபம் அதிலேயே வற்றிப்போனது. இங்கே தண்ணீர் விடத் தொடங்கி ஆறு வருடம். அவள் ஒருமுறைகூடக் கீழே வந்ததில்லை.

சென்ற ஏப்ரலில் அந்த நாள் வந்தது. போர்வெல் காய்ந்துவிட்டது, தரைத்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உத்தமன் நிறைந்த லாரியைத் தெருமுனைப் புங்கமரத்தடியில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் ராஜேஷ்குமார் கன்னடமும் தமிழும் கலந்து நாலு முறை போனில் கூப்பிட்டார்.

"அண்ணா, எல்லிதீரா? எங்க மாட்டிக்கிட்டீங்க? ஜனங்க கத்துறாங்க!"

"ஃபுல் டிராஃபிக் சார். அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் பொறுத்துக்குங்க."

இரண்டு மணி நேரம் கழித்து லாரி உள்ளே நுழைந்தபோது, கேட்டருகே வாளிகளோடு ஒரு வரிசை. ஏழாவதாக உஷா! முன்நெற்றியில் நரை. வலிக்கும் முழங்காலை ஒரு கையால் பிடித்தபடி, நீல வாளியோடு நின்றாள். முப்பது வருடமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த கேள்வி உத்தமனின் தொண்டை வரை வந்தது: 'என்னத் தெரியுதா?'

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் கோபமில்லை, வெட்கமில்லை, ஒன்றுமே இல்லை.

"கொஞ்சம் ரொப்பிக் குடுங்கண்ணா. காலையிலருந்து மாத்திரை போடக்கூடத் தண்ணி இல்ல. பாவம், நீங்களும் இந்த வெயில்ல எங்கருந்து வர்றீங்களோ."

அண்ணா! இந்த ஊரில் எல்லா லாரிக்காரரையும் எல்லோரும் கூப்பிடுகிற அதே சொல். யாரைப் பழிவாங்க இத்தனை வருடம் காத்திருந்தாரோ, அவளுக்கு இவர் யாரென்றே தெரியவில்லை.

அவர் கை நேராக நீல வாளிக்கு நீண்டதும், "இன்னாப்பா, நாங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியலையா?" என்று வரிசையில் ஒரு குரல் எழுந்தது. உத்தமன் அதைக் காதில் வாங்கவில்லை. முதலில் உஷாவின் வாளியை வாங்கினார். உள்ளங்கைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே குழாயைப் பிடித்தார். வாளி நிரம்பியது. கைப்பிடியில் தூக்கிப்போகிற வாளி. அதை யாரும் இடுப்பில் வைக்கப்போவதில்லை.

உத்தமன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். குனிந்து, வாளியின் அடிப்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.