வேலிப் பக்கத்துப் பூக்கள்

செய்தி வந்தபோது நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில், என்னோடு வேலை செய்யும் சிவயோகம் அக்காவின் கணவர். "உம்மடை அக்கா போயிட்டா, பிள்ளை. காலமை குசினிக்குள்ளை விழுந்தவ, எழும்பேல்லை" என்றார். "ஓம் அண்ணை" என்றேன். திரும்பி வந்து மிச்சத்தையும் ஒட்டி முடித்தேன். ஒன்றில்கூடப் பிழை வரவில்லை. பக்கத்து மேசை அக்காவுடையது. அவருடைய வெள்ளை மேலங்கி கதிரையில் கிடந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதை, அவரை அறிந்த உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மெல்பேணில் கோயில் இல்லாத இந்த எழுபதுகளில், வெள்ளிக்கிழமை என்றால் நம்மில் பலருக்கு அக்கா வீட்டு முன்னறைதான். முருகன் படத்துக்குச் சிவப்புப் பூதான் வேண்டும் என்று நிற்பார். கடைப் பூவை வைக்க அவருக்கு மனம் வராது. "எத்தினை பேர் மணந்து பாத்தினமோ!" என்பார். செவ்வரத்தை நட்டுப் பார்த்தார். முதல் குளிரிலேயே அது கருகிவிட்டது. அப்போதுதான் அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவி டொரதி, மண் ஒட்டிய வேர்த்துண்டு ஒன்றை வேலிக்கு மேலால் நீட்டினார். பெயர் பீ பாம், தேனீக்களுக்கு உயிர் என்றார். கோடை வந்ததும் வாராத தலைமயிர் போலச் சிவப்புப் பூக்கள் விரிந்தன. இலையைக் கசக்கினால் கிட்டத்தட்ட நம் கற்பூரவள்ளி வாசம்.

ஆனால் டொரதி தினமும் காலையில் வேலிக்கு மேலால் குனிந்து ஒவ்வொரு பூவாக முகர்ந்து பார்ப்பார். முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது என்று அந்த மனுசிக்கு யார் சொல்வது?

"நீங்கள் சொல்லுங்கோவன் அக்கா" என்றேன்.

"செடியைத் தந்ததே அவ. தந்த மனிசியை மணக்காதை எண்டு சொல்லுறதோ? வேலிப் பக்கத்துப் பூவெல்லாம் அவவுக்கு. இஞ்சாலைப் பக்கம் முருகனுக்கு."

அந்தப் பாகப்பிரிவினை எந்தக் கோடையிலும் பிசகவில்லை. தேனீக்கள் மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்தன. அவற்றுக்கு அக்காவிடம் மன்னிப்பு இருந்தது.

பூ சாமிக்கு, இலை நமக்கு. குளிர்காலத்துக்கென்று இலைகளைக் காயவைத்திருப்பார். யாராவது இருமினால் போதும், இஞ்சி தட்டிப் போட்டு அவித்த இலைத்தண்ணீர் மறுநாள் போத்தலில் வந்துவிடும். எங்கள் மேலதிகாரி முதல்நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்; அடுத்தநாள் தானே கோப்பையோடு வந்து நின்றார். சில வருடங்களுக்கு ஒருமுறை செடியைக் கிளப்பிப் பிரித்து நடுவார். "நடுப்பகுதி செத்துப் போகும், பிள்ளை. ஓரத்திலைதான் உயிர் இருக்கும்." அப்படிப் பிரித்த ஓரத்து வேர் ஒன்று போன வருடம் எனக்கும் கிடைத்தது. அது இன்னும் பூக்கவில்லை.

இறுதிக் கிரியை அன்று காலை அங்கே போனேன். செடி நிறையப் பூ. அண்ணை கத்தரிக்கோலைத் தந்து, "இஞ்சாலைப் பக்கத்திலையே வெட்டும். ஒருத்தரும் மணக்காத பூவா இருக்கட்டும்" என்றார். மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினேன். வேலிக்கு அப்பால் டொரதி நின்றார். அன்று அவர் குனியவில்லை.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் பெட்டியருகே நின்றபோது யாரோ என் தோளைத் தொட்டு, "அவ சாமியாப் போயிட்டா, அழாதேயும்" என்றார். நான் அழவே இல்லை. ஆனால் அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா சாமியாகிவிட்டால் நான் யாரோடு கதைப்பது? எனக்கு இருமல் போத்தல் கொண்டுவந்த மனுசிதான் வேண்டும். கையிலிருந்த பூக்களை முகத்தருகே கொண்டுபோய், டொரதியைப் போல ஒவ்வொன்றாக முகர்ந்தேன். பிறகுதான் அக்காவின் கையருகே வைத்தேன். அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பூவைத் திரும்ப எடுத்து, நெடுநேரம் முகர்ந்துவிட்டு, அதே இடத்தில் வைத்தார்.

என்னிடம் இருப்பது அந்த ஓரத்து வேர்தான். வேலியடியில் நட்டிருக்கிறேன். அது பூக்கும்போது இஞ்சாலைப் பக்கத்தை முருகனுக்கு விட்டுவிடுவேன். வேலிப் பக்கம் அக்காவுக்கு. அந்தப் பூக்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பேன்.