முன்னால் நின்றவர் யார்? – கோரமண்டல் குழாயடியில் ஒரு பகல்

என்னங்க, எப்படி இருக்கீங்க? வீட்டில் எல்லோரும் சுகமா? உங்கள் பக்கம் மழை உண்டா? எங்கள் குடியாத்தத்தில் தூறலோடு சரி. எனக்கு எழுத்து வராது, பேச்சுதான் வரும். நான் சொல்லச் சொல்ல மச்சான் தண்டபாணி போனில் எழுதிக்கொண்டு வருகிறான். இன்றைக்கு அவன் முகம் கொஞ்சம் கடுகடுப்பாக இருக்கிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

தங்க வயலைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் அந்தக் காலத்தில் சனங்கள் கூட்டம் கூட்டமாகச் சுரங்க வேலைக்கு வந்தார்கள். அறுவடை முடிந்து கை ஓய்ந்தது, நேற்று விடிகாலையில் கிளம்பிவிட்டோம். குடியாத்தத்தில் ரயில் ஏறி பங்காருப்பேட்டையில் இறங்கினோம். அங்கிருந்து தங்க வயலுக்குள் இருக்கும் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பத்து ரூபாய் டிக்கெட். எதிர்ப்பக்கம் பெங்களூருக்குப் போகும் ரயிலில் சனம் படிக்கட்டு வரை தொங்குகிறது. எங்கள் பெட்டியிலோ காலை நீட்டிப் படுக்கலாம். ஊரே காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது, நாங்கள் இரண்டு பேர்தான் ஊருக்குள் போகிறோம். பங்காருப்பேட்டை ஸ்டேஷன் வெளியே மசால் வடை நன்றாக இருக்கும். வடையைப் பற்றித் தனியாகவே ஒரு பாகம் சொல்லலாம், மச்சான் வேண்டாம் என்கிறான்.

தங்கியது அசோகன் வீட்டில். மச்சான் முன்பு பெங்களூரில் கட்டட வேலை செய்தபோது பழக்கமானவர். சுரங்கம் மூடும் வரை பூமிக்கடியில் வேலை பார்த்தவர். வாசலை ஒட்டிய சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே தொங்கும் அவருடைய பழைய தலைக்கவசத்தில் இப்போது வெங்காயம். வீடுகள் ஒட்டிக்கொண்டு நீளமாக இருக்கும். அதை லைன் என்கிறார்கள்.

லைன் கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய். அதன் முன்னால் குடங்கள் வளைந்து வளைந்து நிற்கின்றன, பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது! எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் ஊரில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினால் குடமும் இருக்காது, இடமும் இருக்காது.

“இங்க ஒரு கொடம்னா ஒரு வூடுங்க,” என்றார் அசோகன். “தண்ணி வந்தா வூட்டுக்கு ஆறு கொடம். வேலைக்குப் போனவங்க கொடத்த, அதுக்குப் பின்னாடி நிக்கிறவங்க புடிச்சி அவங்க வாசல்ல வெச்சிடணும்.”

“சும்மாவா?”

“பின்ன இன்னா, பந்தி போடுவாங்களா?”

நான் அசோகனோடு டீ குடிக்கப் போனேன். அங்கே கிடைக்கும் பன் பற்றி... சரி, விடுங்கள். மச்சான் குழாயடியிலேயே நின்றுவிட்டான். படம் எடுக்கிறேன் என்று சொன்னவன் என்ன செய்தான் தெரியுமா? சிவப்புக் குடமெல்லாம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், எவர்சில்வர் நடுவில் என்று அழகாக அடுக்கிப் படம் எடுத்திருக்கிறான். நாங்கள் திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டு போனைக் காட்டினான். படம் நன்றாகத்தான் இருந்தது. அசோகன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதே நேரத்தில் குழாய் புஸ்ஸென்று இருமியது. தண்ணீர் வந்துவிட்டது.

லைன் முழுக்க ஓடி வந்தது. அடுத்த நிமிடம் அங்கே எழுந்த சத்தத்தை எழுத முடியாது.

“இன்னாயா இது, கொலு வெச்சிக்கிறீங்க?”

“என் கொடம் எங்கப்பா?”

“நான் மூணாவதா நின்னேன்!” என்று ஒரு லுங்கிக்காரர் முன்னால் பாய்ந்தார்.

“உன் எடத்த உன்ன எவன் கேட்டான்?” என்று நாலைந்து குரல்கள் அவரை அமுக்கின. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னால் போனார்.

அங்கே பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. ஷிப்ட் முடிந்து மேலே வர, சுரங்கத்தின் இரும்புக் கூண்டில் இடம்பிடிக்க அடிதடி நடக்குமாம். அப்போது ஏற்பட்டது என்றார் அசோகன். வரிசை கலைந்தால் யாரும் தன் இடத்தைச் சொல்லக் கூடாது. தனக்கு முன்னால் நின்றது யார் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். யாரும் பேர் சொல்லாத குடம் கடைசிக்குப் போய்விடும். அன்றைக்குக் குழாய் ஓட்டத்தைப் பார்த்தால் கடைசிக் குடங்களுக்குச் சொட்டுக்கூட வராது.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எனக்கு முன்னாடி மேரியக்கா. எனக்கு முன்னாடி முனிசாமி. தனக்குத் தானே இடம் கேட்காமல் அடுத்தவருக்கு இடம் கேட்கிறார்கள்! கலைந்த வரிசை கண் முன்னால் மறுபடி கட்டிக்கொண்டு வந்தது. எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டினால் அடி விழும் என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

ஒரு பச்சைக் குடம் மட்டும் தனியாக நின்றது. செல்வியுடையது. செல்வி பெங்களூரில் துப்புரவு வேலைக்குப் போகிறவர். இருட்டிலேயே குடத்தை வைத்துவிட்டு முதல் ரயிலைப் பிடித்துவிட்டார். மறுநாள் காலையில், புருஷன் வீட்டிலிருந்து வருகிற அவர் மகளுக்கு வளைகாப்பு. வீட்டில் இருந்த ட்ரம் காலி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குடம் எங்கே நின்றது என்று அதுவரை பேசிய யாருக்கும் தெரியாது.

தனக்கு முன்னால் யார் என்று சொல்லாமல் மிச்சம் இருந்தது கனகா மட்டும்தான். மாவு அரைத்து விற்கிறவர். செல்வியின் கோழி கனகாவின் வடகத்தைத் தின்றதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. செல்வி என்று சொன்னால் ஆறு குடம் முன்னால் போகும். அந்த ஆறையும் கனகாவே தூக்க வேண்டும். கனகா வீட்டிலும் தண்ணீர் இல்லை. சொல்லாவிட்டால் கேட்க ஆளில்லை.

குழாயின் ஓட்டம் மெலிந்துகொண்டே போனது. எல்லோரும் கனகாவைப் பார்த்தார்கள். கனகா குழாயைப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாக்குறீங்க? எனக்கு முன்னாடி அந்தக் கோழிக்காரிதான். வைங்க அவ கொடத்த.”

சொல்லிவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, செல்வி வாசலில் கவிழ்ந்திருந்த மற்றக் குடங்களையும் எடுத்து வந்தார். ஆறு குடமும் பிடித்தார், ஆறும் தூக்கினார், நடைக்கு நடை கோழியைத் திட்டினார். செல்வி வாசலில் குடங்களை வைத்துத் தட்டால் மூடிவிட்டு அவர் திரும்பியபோது குழாயில் நூல் மாதிரிதான் வந்தது. கனகாவுக்குக் கிடைத்தது இரண்டு குடம். அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

அசோகன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “கலைச்சவங்கதான் மிச்சத்துக்குப் பொறுப்பு. அடுத்த லைன்ல போர் கொழா இருக்குது, போங்க.”

அரை கிலோமீட்டர் தூரம். சாயங்காலம் வரை நானும் மச்சானும் தண்ணீர் சுமந்தோம். மச்சான் தோளில் இப்போது தைலம்.

செல்வி ராத்திரி வந்ததும் விஷயம் தெரிந்து நேராகக் கனகா வீட்டுக்குப் போனார். “எனக்கு இன்னா தெரியும்? வரிசை சொல்லிச்சி, தூக்கினேன். மொதல்ல உன் கோழியக் கட்டி வை,” என்றது கனகாவின் குரல். செல்வி வளைகாப்புக்குக் கூப்பிட்டார். கனகா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்று காலை செல்வி வளையல் தட்டை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தங்க வயலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொள்வது: காலையில் பெங்களூர்ப் பக்கமிருந்து வாருங்கள், உட்கார இடம் கிடைக்கும். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு வாருங்கள். மூடிக்கிடக்கும் சுரங்கங்களின் பக்கம் தனியாகப் போகாதீர்கள். குடத்தைத் தொடாதீர்கள். நியாயம், நம்பிக்கை என்று மேடையில் பேசுவார்களே, அது எதற்கு என்று எனக்கு இத்தனை வயதாகியும் பிடிபட்டதில்லை. இங்கே பார்த்தேன். ஊரில் இல்லாதவளுக்காக, அவளைப் பிடிக்காதவளே வாயைத் திறக்கிறாள் என்றால் அந்த ஊரில் எவரும் நிம்மதியாக ரயில் ஏறலாம். நாம் நம்முடைய ஊரிலும் இதை...

“யோவ் குடியாத்தம்! போட்டோ புடிக்கிறவரையும் இட்டுகினு வாங்க. வளையல் போடணும், நான் வந்து எவ்ளோ நேரம் ஆவுது!”

கனகாதான். தலையில் பூ வைத்திருக்கிறார். இருங்கள், நான் போய்...