பெருக்கல் குறி

கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிய என் அக்காவும் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களும் அதுவரை ஓட்டுப் போட்டதே இல்லை. தோட்டம் விலைபோய், வீட்டைக் காலி செய்ய நோட்டீசும் வந்துவிட்டது. வீடுகளை இடிக்க விடமாட்டேன் என்றவர் ஒரே ஒரு வேட்பாளர்தான். அவருக்காகவே எல்லாரும் கிளம்பினார்கள்.

அக்கா பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

“தாள்ல கட்டத்துக்கு வெளிய போகாம போட்டேன்லா தம்பி. நம்ம ஆள மட்டும் விட்டுட்டு மத்த எல்லாருக்கும் பெருக்கல்!”



“நம்ம ஆளுக்குத்தானேக்கா போடணும்?”

“போடா! காலையில பேரு கூப்பிடறப்ப, வராதவங்களுக்குத்தானே வேலை வாங்குற மண்டோர் பெருக்கல் போடுவாரு? அன்னிக்குச் சம்பளம் கெடையாது. நம்ம ஆளுக்குப் போயி அதப் போடுவாங்களா?”

பெருக்கல் குறி போடச் சொன்னவனே நான்தான். யார் பெயருக்கு நேரே என்று சொல்லத் தோன்றவில்லை.

“மத்தவங்க?”

“எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

வரிசையைப் பார்த்தேன். எங்கள் லயத்தார் யாரும் மிச்சமில்லை. வாசலில் நின்று, மை வைத்த விரல்களை எனக்குத் தூக்கிக் காட்டினார்கள்.