கண்ணாடியைத் துடைத்த வில்லன்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுத்த மஞ்சள் துணி ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். யாராவது எதையாவது கேட்டுவிட்டு என் முன்னால் நின்றால், கண்ணாடியைக் கழற்றி அந்தத் துணியால் மெதுவாகத் துடைப்பேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மாட்டிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பேன். இப்படியொரு பழக்கம் இருந்ததே எனக்குத் தெரியாது. அதை எனக்குக் காட்டியவன் என் மைத்துனன், அதுவும் நிறைந்த அரங்கில்.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. மாமனார் தவறிய பிறகு பூன் லேயில் எங்கள் வீட்டில் தங்கி, ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். கல்யாணமாகி உட்லண்ட்ஸுக்குக் குடிபோனதும் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "அத்தான், டைரக்டர் என்னை வில்லனாப் போட்டுட்டாரு. முதல் பாதி கிரேக்க பாணி, ரெண்டாவது பாதி எலிசபெத் காலத்து பாணி. கிரேக்கத்துல வில்லனே கெடையாதாமே?" என்றான். நான் தொடக்கக்கல்லூரியில் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் நடத்துகிறவன், விடுவேனா? கிரேக்க நாயகனை வேறு யாரும் கெடுக்க வேண்டியதில்லை, தன் அகந்தையால் தானே போய்க் குழியில் விழுவான் என்றேன். அவன் யார், என்ன செய்தான் என்பது பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தெரியும், அவனுக்கு மட்டும்தான் தெரியாது. தெரிந்த நிமிடமே அவன் கதை முடிந்தது. எலிசபெத் காலத்து வில்லனோ எல்லாம் தெரிந்தே செய்கிறவன். நாயகனைத் தட்டிக்கொடுத்துவிட்டு நம் பக்கம் திரும்பித் தன் திட்டத்தைச் சொல்வான், நாமும் வெட்கமில்லாமல் சிரித்து அவனுக்குக் கூட்டாளியாகிவிடுவோம். "கத்தாதே, நல்லவன் மாதிரியே பேசு" என்றும் சொல்லிக் கொடுத்தேன். என் வீட்டில் இருந்த காலத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

நாடகம் லிட்டில் இந்தியாவில், சிறிய அரங்கம்தான். இரண்டாம் பாதி தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நடக்கும் கதை. நாயகனான கூலித் தொழிலாளி மேற்பார்வையாளர் வேலை கேட்டு வந்து நிற்கிறான். மேலாளராக நடித்தவன் என் மைத்துனன். வேடத்துக்காக மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு மைத்துனன் தணிந்த குரலில், "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இதெல்லாம் உனக்கு வராது" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தான். அரங்கமே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவன் நான். பயல் என்னமாய்ச் செய்கிறான் என்று மனைவியிடம் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை, என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. "பகுதிநேரமா டிப்ளோமா படிக்கலாமான்னு பாக்குறேன் அத்தான்" என்று அவன் ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றதும், நான் துடைத்ததும், அதே சொற்களைச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அதன் பிறகு அவன் படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

முடிந்ததும் பாதி கலைத்த ஒப்பனையோடு ஓடி வந்தான். "நல்லா இருந்துச்சா அத்தான்?"

"அந்தக் கண்ணாடி துடைக்கிறத எங்கேருந்து புடிச்சே?"

"தெரியல அத்தான். எதிர்ல நிக்கிறவன் கூனிக் குறுகணும்னு டைரக்டர் சொன்னாரு. கை தானாப் போச்சு, அந்த வசனமும் தானா வந்துடுச்சு."

அவன் முகத்தில் துளி விஷமமும் இல்லை. பழிவாங்கினான் என்றிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். "நல்லா செஞ்சே" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று கிரேக்க நாயகனோடு போய் ஒட்டிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. கை துடைத்தது வேண்டுமானால் தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் அன்று அவன் என் முன்னால் நிற்கிறான் என்பது எனக்குத் தெரியும். காக்க வைப்பதில் ஒரு சுகம் இருந்ததும் தெரியும்.

போன வாரம் வந்திருந்தான். தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. "அத்தான், அந்த டிப்ளோமால இப்பச் சேரலாம்னு இருக்கேன். சரியா வருமா?" என்றான். என் கை கண்ணாடிக்குப் போய்விட்டது. சமையலறை வாசலில் மனைவி நின்றாள். கையை இறக்கிக்கொண்டு, "வரும்பா. போய்ச் சேரு" என்றேன்.

அவன் நகரவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று நின்றுகொண்டே இருந்தான்.