லோடு லிஸ்ட்டில் இல்லாத கிரைண்டர்

"சார், மறுபடியும் கரண்ட் போயிட்டுங்க" என்று செல்வி போன் செய்தபோது சாயங்காலம் ஐந்து மணி. குடிவந்த வாரத்திலேயே நான்காவது தடவை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மேகம் இல்லை, பேட்டரி நிறைந்திருக்கிறது, பிறகு ஏன் போய்த் தொலைகிறது?

அப்போது நான் காரைக்காலில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் லேப் இன்ஸ்ட்ரக்டர். முழுக்க சோலாரிலேயே ஓடும் ஒரு சின்ன வீட்டை எங்கள் மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, நெரவிப் பக்கம் கட்டியும் முடித்திருந்தார்கள். கம்பத்திலிருந்து ஒரு ஒயர்கூட வராது. செல்வி இரண்டு பெண்களோடு தகரக் கொட்டகையில் வாடகைக்கு இருந்தவர். சோதனைக்காக முதலில் அவரை அதில் குடிவைத்திருந்தோம். ஆய்வுக் குழு வந்து பார்த்து சரியென்றால் வீடு அவருக்கே. இல்லையென்றால் மறுபடி கொட்டகைதான்.

மாணவர் குழுவின் தலைவன் கார்த்திக். "ஆப்ல ஓவர்லோடுன்னு காட்டுது சார். சாஃப்ட்வேர் பிரச்சினையா இருக்கும்" என்றான். கல்லூரியில் உட்கார்ந்தபடியே மூன்று நாள் லேப்டாப்பில் செட்டிங் மாற்றினார்கள். ஆப் ஓவர்லோடு என்று சொன்னால் ஓவர்லோடுதான் என்று ஒருவனாவது நம்ப வேண்டாமா? நேரில் போய்ப் பார்க்க எவனுக்கும் தோன்றவில்லை. நானும் போனில் கத்தியதோடு சரி.

அந்த நான்காவது போன் வந்த அன்றைக்குப் பொறுக்கமாட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அடுப்படி மூலையில் ஐந்து லிட்டர் கிரைண்டர், கடைகளில் இருக்குமே, அந்த மாதிரி. அரை எச்.பி. மோட்டார். உள்ளே ஊறின அரிசி அரைபடாமல் அப்படியே கிடந்தது.

"ஏம்மா, இது எப்ப வந்துது?"

"இதுதாங்க நம்ம பொழப்பே. மாவு அரைச்சு தெருவுக்கெல்லாம் குடுக்குறேன். சுவிட்ச போட்டா வீடே இருட்டாயிடுது. தெனம் புள்ளைங்களும் நானுமா கிரைண்டரப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி அரைச்சிட்டு வர்றேன்."

நாங்கள் வைத்திருந்தது 850 வி.ஏ. இன்வெர்ட்டர். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுக்கிற கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும்; அந்தச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காமல் கட் ஆகிவிடும். இது முதல் வருட லேப் பாடம். தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் எச்.ஓ.டி.யிடம் சொன்னேன். "அத இப்ப கிளப்பாதீங்க. கமிட்டி வந்துட்டுப் போற வரைக்கும் கிரைண்டர் பக்கத்து வீட்ல இருக்கட்டும்" என்றார். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

குழு வந்த அன்று பட்டப்பகலில் எல்லா லைட்டும் எரிந்தன, ஃபேன் சுற்றியது, டிவி பாடியது. குழுவில் ஒரு அம்மா செல்வியிடம், "வீடு சௌகரியமா இருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. என் கிரைண்டர எப்ப உள்ள கொண்டாரலாம்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும்."

எச்.ஓ.டி. கூரையைப் பார்த்தார். விஷயம் முழுவதும் வெளியே வந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி வருவோம், அப்போது கிரைண்டர் எங்கள் கண்முன்னே ஓட வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். மாணவர்கள் பெரிய இன்வெர்ட்டர் மாட்டி, ஒயரிங்கையும் மாற்றினார்கள். இந்தத் தடவை செல்வியின் அரிசியைப் போட்டே ஓட்டிப் பார்த்தார்கள். குழு வந்தது, கிரைண்டர் ஓடியது, சாவி செல்வி கைக்குப் போனது.

அன்று கார்த்திக் கொஞ்சம் மனத்தாங்கலோடு செல்வியிடம் கேட்டான். "வீட்ல என்னென்ன கரண்ட்ல ஓடும்னு லோடு லிஸ்ட் எழுதும்போதே கிரைண்டர் இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லக்கா?"

செல்வி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சார்தான் தம்பி வந்து எழுதுனாங்க. வீட்டுக்கு என்னென்ன வேணும்னு கேட்டாங்க. ஃபேனு, லைட்டு, டிவின்னு சொன்னேன். நான் என்ன வேல செஞ்சு சாப்புடுறேன்னு அவங்க கேக்கலையே."

சைட்டுக்குப் போகும் பிள்ளைகளே, அதை முதலில் கேளுங்கள். பையன்களை அத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான்.