நேரம் குறித்தது நான்தான்

நம் பங்கின் அன்பியச் செபக்கூட்டத்து உறவுகளே, போன தவக்காலத்தில் நீங்கள் எல்லோரும் என் மகள் ஸ்டெல்லாவுக்காகச் செபமாலை சொன்னீர்கள். நடந்ததில் பாதியைத்தான் உங்களிடம் சொன்னேன். மீதியை இன்று எழுதுகிறேன்.

ஸ்டெல்லாவின் முதல் பிள்ளை மூன்று வருடங்களுக்கு முன் ஆபரேஷனில் பிறந்தது. தையல் சீழ் பிடித்தது. இரண்டு மாதம் பிள்ளையைத் தூக்க முடியாமல் அழுதாள். மறுபடியும் கர்ப்பமானதும் அவள் கேட்டது ஒன்றுதான். "ம்மா, இந்த வாட்டி கத்தி வேணாம்மா. சுகப்பிரசவத்துக்குப் பாக்கறேன்னு சொல்ற டாக்டரக் கண்டுபுடி."

கடத்தூரிலிருந்து பஸ் ஏறி அலைந்தோம். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு டாக்டர், "ஒரு தடவ ஆபரேஷன்னா அடுத்ததும் ஆபரேஷன்தாம்மா. பழைய தையல் பிரிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார். இன்னோர் இடத்தில் நர்ஸ் சிரித்தார். "எல்லாரும் வலி வேணாம்னு அழுவறாங்க, நீங்க வலி வேணும்னு வர்றீங்களே!" தர்மபுரியில் மூன்றாவது டாக்டர், மயக்க மருந்து டாக்டர் தங்களிடம் எந்நேரமும் இருப்பதில்லை என்று உண்மையைச் சொல்லி மறுத்தார். அவளுக்கு எட்டாவது மாதம் தொடங்கிவிட்டது. ஸ்டெல்லா சரியாகச் சாப்பிடுவதில்லை.

மூவரும் கேட்ட கேள்வி, முதல் ஆபரேஷன் எதற்கு என்பது. "பனிக்குடத்துல தண்ணி வத்திடுச்சுங்க" என்றேன். ஃபைலிலும் அப்படித்தான் இருந்தது. அது பொய்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர், நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்து, அந்த நேரத்தில் ஆபரேஷன் செய்து பேரனை எடுத்ததாகச் சொல்லியிருந்தார். எனக்கும் ஆசை வந்தது. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற நான், யாருக்கும் தெரியாமல் ஜோசியரிடம் நேரம் வாங்கி மருத்துவமனையில் கொடுத்தேன். அவர்கள் ஒரு காரணத்தை எழுதிக்கொண்டார்கள். நாள் ஆகுமுன்னே எடுத்த பிள்ளை மூச்சுத் திணறி, ஆறு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. மகளிடம் நான் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

"நல்ல டாக்டரைக் காட்டும் ஆண்டவரே" என்று தினமும் முழங்காலில் நின்றேன். பதிலே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் போன பிறகு, கோயிலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வழக்கமான செபம் வரவில்லை. "என் வாயைத் திறந்துவிடும்" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தர்மபுரியில் இன்னொரு டாக்டரம்மா. அதே கேள்வி. "தண்ணி..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டேன்.

"இல்லீங்க மேடம். நான்தான் நேரம் குறிச்சுக் குடுத்தேன். எம்பொண்ணுக்கே தெரியாது."

ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "இத மறைக்கலாமாம்மா? வலி வந்து, புள்ள எறங்காம ஆபரேஷன் பண்ணியிருந்தா நானும் யோசிப்பேன். இவளுக்கு வலியே வரலியே. உள்ள கீறல் எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு முயற்சி பண்ணலாம். தியேட்டர், ரத்தம் எல்லாம் தயாரா வெச்சுக்கிட்டுத்தான். ஆபத்துன்னா ஆபரேஷன் பண்ணிடுவேன். சம்மதமா?"

"சம்மதங்க மேடம்" என்றாள் ஸ்டெல்லா. திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு தேவைக்கு மட்டும் பேசினாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு விடியற்காலை வலி வந்தது. மதியம் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. தியேட்டரைத் திறந்துவிட்டார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், செபம்கூட மறந்துபோனது. துடிப்பு மெதுவாக ஏறியது. டாக்டரம்மா அவளை விட்டு நகரவே இல்லை. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. கத்தி படவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்டெல்லா குழந்தையை நெஞ்சில் போட்டிருந்தாள். "தூக்கிக்கம்மா" என்றாள். பிறகு, "இனிமே எனக்குன்னு எதையும் நீயா முடிவு பண்ணாத" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

அன்று ஆபரேஷன் ஆகியிருந்தாலும் இதை எழுதியிருப்பேன். நான் கடைசியாகக் கேட்டதை ஆண்டவர் டாக்டரம்மாவின் அறையிலேயே கொடுத்துவிட்டார். மற்றது அவருடைய இரக்கம். அவருக்கு நன்றி. பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன். இன்றும் சில இரவுகளில் அந்தக் கண்ணாடிப் பெட்டி கனவில் வருகிறது.

என்னைப் போல ஒன்றை மறைத்துக்கொண்டே அவரிடம் உதவி கேட்கிறவர்கள் உங்களில் இருக்கலாம். முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். அவமானமாக இருக்கும். பெற்ற பிள்ளையே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பயப்படாதீர்கள், அவர் திருப்பிக்கொள்வதில்லை.