சிவப்பு விளக்கை முறைக்கக் கூடாது

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்காமல், இந்தக் கிழவி நட்சத்திரம் பார்த்த கதையைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

ஓசூரில் வண்டி விளக்கு செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருந்தேன். இருட்டு பூத்துக்குள் டெயில் லேம்ப் எரியும். பக்கத்தில், சரியானது என்று முடிவு செய்து வைத்த மாஸ்டர் பீஸ் எரியும். இரண்டையும் பார்த்து, மங்கலாக இருந்தால் ரிஜெக்ட். பள்ளிக்கூடத்தில் என்னையும் அப்படித்தான் ரிஜெக்ட் செய்தார்கள், அதனால் வேலை சீக்கிரம் பிடிபட்டது.

எங்கள் குவாலிட்டி இன்ஜினியர் ஹேமாவதி மேடம். கன்னடக்காரர். எதைச் சொன்னாலும் ‘அல்வா?’ என்று முடிப்பார். ‘அப்படித்தானே’ என்று அர்த்தமாம். முதல் நாள் அது தெரியாமல் நான் கையை நீட்டிவிட்டேன்.

வேலையை விட்டு நின்ற பிறகு, கெலமங்கலத்தில் அவர் வீட்டில் சமையலுக்குப் போனேன். பொழுது சாய்ந்ததும் மேடம் பைனாகுலரோடு மாடியில் நிற்பார். ஒரு நாள் என்னையும் கூப்பிட்டார்.

“ராசம்மாக்கா, இங்க ஒரு நோவா வந்திருக்கு. பழைய நட்சத்திரம்தான். திடீர்னு வெடிச்சு பளிச்சுனு ஆகும், அப்புறம் மெல்ல மங்கும்.”

“நம்ம பழைய சூப்பர்வைசர் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி கத்தினாரே, அது மாதிரியா?”

மேடம் சிரித்துவிட்டு வேலையைச் சொன்னார். பக்கத்து நட்சத்திரங்களின் வெளிச்சம் எவ்வளவு என்று ஏற்கனவே தெரியும். அவைதான் மாஸ்டர் பீஸ். நோவா எதற்கும் எதற்கும் நடுவில் நிற்கிறது என்று பார்த்து எண் சொல்ல வேண்டும். அதை மேடம் போனில், நட்சத்திரம் பார்க்கிறவர்களின் குழு ஒன்றுக்கு அனுப்புவார். அவர் கேமரா மழையில் கெட்டுப்போயிருந்தது. ஒரு கண்ணுக்கு இரு கண் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

“நேத்து அஞ்சு, இன்னிக்கு ஆறா? அப்ப ஏறியிருக்கு.”

“இல்லக்கா, இதுல எண் கூடினா வெளிச்சம் கம்மி. ரேங்க் மாதிரி.”

“ஓ. அப்ப எங்க பேரன் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரம்.”

நாட்கள் போகப் போக நோவா மங்கி, டெயில் லேம்ப் மாதிரி சிவந்தது. ஒரு சாயங்காலம் டீ டம்ளரோடு உட்கார்ந்து பார்த்தேன். நேற்றைவிடப் பளிச்சென்று இருந்தது. மாடிச் சுவர் பக்கம் போய், பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவிடம் “நட்சத்திரம் மறுபடி ஏறுது” என்று சொல்லிவிட்டுத்தான் மேடத்திடம் சொன்னேன்.

மேடம் முகமே மாறிவிட்டது. மங்கியது மறுபடி எழுந்தால் பெரிய சேதி. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். ஆனால் முன்பு ஒருமுறை, மேகம் மறைத்ததில் ஏமாந்து, மங்கிவிட்டதாகத் தப்பான எண் அனுப்பியிருந்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் உங்கள் எண்ணைச் சேர்க்க மாட்டோம் என்று அவருடைய குழுவில் சொல்லியிருந்தார்கள். பத்து வருஷமாகத் தினமும் பார்த்து அனுப்புகிறவர் அவர்.

“எனக்கு ஏறின மாதிரி தெரியல. ஆனா ஏறியிருந்தா நல்லாருக்கும்” என்றார். விரல் போன் மேலேயே நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

“அக்கா, எவ்ளோ நேரம் பாத்தீங்க?”

“டீ ஆறி ஆடை கட்டுற வரைக்கும்.”

“பூத்துல இப்படிப் பாப்பீங்களா?”

சிவப்பு விளக்கை முறைத்துக்கொண்டே இருந்தால் மங்கலானதும் பளிச்சென்று தெரியும், ரிஜெக்ட் பீஸ் எல்லாம் பாஸாகிவிடும். அதனால் ஒரு பார்வை மாஸ்டர் பீஸ், ஒரு பார்வை லேம்ப், அவ்வளவுதான். அந்த விதியை லைனில் எங்களுக்கு மனப்பாடமாக்கியதே மேடம்தான்.

கண்ணை மூடித் திறந்து, அப்படியே ஒரு பார்வை பார்த்தேன். நேற்றைவிட மங்கல்தான்.

“நட்சத்திரம் நமக்கு அல்வா குடுத்துடுச்சு மேடம்.”

“அல்வா?” என்றார். கண் கலங்கியிருந்தது, சிரிக்கவும் சிரித்தார். மங்கலான எண்ணையே அனுப்பினார். மறுநாள் குழுவில் வந்த எண்களும் அதை ஒட்டியே இருந்தன. மேடத்தின் எண்ணும் அவற்றோடு சேர்ந்தது. இப்போது மேடம் மைசூர் பக்கம் போய்விட்டார். சிவந்த நட்சத்திரம் எதைப் பார்த்தாலும் அந்த பூத்தின் சூடு ஞாபகம் வருகிறது.

அன்றைக்குக் கீழே இறங்கினால் பாப்பம்மா கேட் பக்கத்தில் காத்திருந்தாள். மருமகள் பாத்திரம் கழுவுவதைத் தன் வீட்டு ஜன்னல் வழியே கண்காணித்தபடியே கேட்டாள்.

“ஏறுச்சா, எறங்குச்சா?”

“எறங்குச்சு. நான் முறைச்ச வரைக்கும் ஏறிச்சு.”

“அதெப்படி?”

“உன் மருமக செய்யுற தப்பு மாதிரிதான் பாப்பம்மா. விடாம பாத்துக்கிட்டே இருந்தா பெருசாயிட்டே போகும். ஒரு பார்வை பாரு, போதும், போய் சீரியலப் போடு.”